குடைக் கம்பியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்



நம் பள்ளி ஆண்டுமலருக்கு ஆண்டுதோறும் ஒரு பாடக் கட்டுரை எழுதி வருகிறேன். முந்தைய மலர்களில் குடிநீரைப் பற்றியும், சேமிப்பைப் பற்றியும், நூல் படிக்கும் பழக்கத்தைப் பற்றியும் எழுதியது உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். இம்முறை ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டியைப் பற்றி எழுத முற்படுகிறேன். இது நானே விரும்பி எடுத்துக்கொண்ட தலைப்பு என்று சொல்வதற்கில்லை. ஒரு பிழையைச் சரிசெய்யும் பொருட்டு எழுத வேண்டியதாயிற்று. அப்பிழை என்னுடையது.

நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன். பள்ளியில் பண்டிகைக் கைவினைக் கண்காட்சி ஒன்று வைத்தோம். அவரவர் வீட்டில், அவரவர் கையால் செய்த அலங்காரப் பொருள்களைக் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்திருந்தேன். தீபாவளிக் கோலத் தட்டுகள் வந்தன. குருத்தோலைத் தோரணங்கள் வந்தன. பொங்கல் பானைகள் வந்தன. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு தகரப் பெட்டியோடும், துணியில்லாத ஒரு குடையோடும் வந்தாள். குடையைப் பாதி விரித்து நிறுத்தினாள். கம்பிகளில் பச்சை ராபியா கயிறு நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. "இது எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்" என்றாள். பிள்ளைகள் சிரித்தனர். பிறகு பெட்டியிலிருந்து ஒரு விண்மீனை எடுத்தாள். அது மெகி மீ பொட்டலங்களை வெட்டி ஒட்டியது. அதன் ஒரு முனையில் கோழிப் படம் தலைகீழாகத் தொங்கியது. அப்பொழுது நானும் சிரித்துவிட்டேன்.

தலைமையாசிரியர் சிரித்தால் வகுப்புக்கு அனுமதி கிடைத்த மாதிரிதானே? கூடமே அதிர்ந்தது. அச்சிறுமி அழவில்லை. எல்லாவற்றையும் எடுத்தபடியே ஒழுங்காகப் பெட்டிக்குள் அடுக்கினாள், மூடினாள், "பாட்டி செஞ்சது, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தாள். கண்காட்சி மேசையில் அவளுடைய பொருள் ஒன்றுகூட இடம்பெறவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் பயின்றவன் நான். அன்றிரவு அந்தப் படிப்பு எனக்கு எவ்வகையிலும் துணை வரவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பாட்டியார் நம் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். பேத்தி பள்ளியில் நடந்ததைச் சொல்லவில்லை போலும். அல்லது சொல்லியும் அந்த அம்மையார் காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க வாத்தியார் ஐயா" என்று வரவேற்று, தேநீர் கொடுத்து, நான் கேட்டதும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த ஒரு மாலையில் நான் கற்றது இக்கட்டுரையில் பாதி. மற்றைப் பாதி, அதன் பின்னர் நூல்களைத் தேடிப் படித்து அறிந்தது.

கிறிஸ்துமஸ் என்பது இயேசு பிரானின் பிறப்பு விழா என்பதும், டிசம்பர் 25ஆம் நாள் கொண்டாடப்படுவது என்பதும் நீங்கள் அறிந்ததே. நம் தோட்டத்தில் அதைக் கொண்டாடும் குடும்பங்கள் மூன்றே. ஆயினும் மலாயாவுக்கு வந்த தமிழர்களுள் கிறிஸ்துவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்துள்ளனர். பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் 1880களிலேயே ஃபே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார். ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களிலும் சிலர் ஜெபமாலையோடு கப்பலேறியவர்களே. அவர்களுக்கு அருகில் கோயில் இல்லை. பட்டணத்துக் கடைகளில் பொருள் வாங்கப் பணமும் இல்லை. ஆதலால் விழாவை லயத்து வீட்டிலேயே கையால் செய்துகொண்டனர்.

குடைக்கு வருவோம். ஊசியிலை மரத்தை வீட்டுக்குள் வைத்து அலங்கரிக்கும் வழக்கம் ஜெர்மனி நாட்டில் 16ஆம் நூற்றாண்டளவில் வேரூன்றியது. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியாரின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் ஓவியம் 1848இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதன் பின்னர் அது ஆங்கிலேயர் வீடுகளில் வேகமாகப் பரவிற்று. ஆங்கிலேயரோடு நம் நாடுகளுக்கும் வந்தது. ஆனால் அந்த மரம் வெப்ப நாட்டுச் சமவெளியில் வளராது. தமிழ்நாட்டுக் கிறிஸ்துவர்கள் சவுக்குக் கிளையை வெட்டி வைத்துக்கொண்டனர். சரி, ஜெர்மானியராவது எப்பொழுதும் உண்மை மரத்தையே வைத்தார்களா என்று பார்த்தால், அதுவும் இல்லை! 19ஆம் நூற்றாண்டில் காடுகள் குறையவே, வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் தோய்த்து, கம்பியில் சுற்றி, குச்சியில் செருகிச் செயற்கை மரம் செய்தனர். கம்பியில் இறகு சுற்றினால் அது மரபு. கம்பியில் ராபியா கயிறு சுற்றினால் அது நகைப்புக்குரியதா? இக்கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன்.

மாணவர்களே, ஒரு குடையைப் பாதி விரித்து நிறுத்திப் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் ஒரே நீளம். எட்டும் நடுத்தண்டோடு ஒரே கோணத்தில் நிற்கின்றன. கணிதத்தில் கூம்பு என்கிறோமே, அந்த வடிவம் தானாகவே கிடைத்துவிடுகிறது. மேலும், பண்டிகை முடிந்ததும் மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடலாம். லயத்து வீட்டில் இடம் எவ்வளவு என்பது பெற்றோர்க்குத் தெரியும்.

அந்த மரத்தில் தொங்கும் அணிகளையும் கேளுங்கள். ஜெர்மனியின் லௌஷா என்னும் கண்ணாடித் தொழில் ஊரில், ஆப்பிள் பழம் வாங்க வசதியற்ற ஓர் ஊதுகலைஞர், மரத்தில் தொங்கவிடக் கண்ணாடியிலேயே பழங்களை ஊதிச் செய்தார் என்றும், இன்றைய பளபளக்கும் உருண்டைகள் அவ்வாறே பிறந்தன என்றும் ஒரு கதை வழங்குகிறது. பாட்டியார் வீட்டில் உருண்டைகளுக்குப் பதிலாக இரப்பர்க் காய்கள். இரப்பர்க் காய்க்கு மூன்று அறைகள் உண்டு. வெயிலில் முற்றி உலர்ந்ததும் 'படார்' என்று வெடித்து, விதைகளைப் பல மீட்டர் தூரத்துக்கு எறியும். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். வெடித்த ஓடுகள் மரக்கட்டைபோல் கெட்டியானவை. வளைந்து, சிறகு போன்றவை. ஐந்தாறு ஓடுகளைச் சேர்த்துக் கட்டினால் பூவாகிறது. இரண்டைச் சேர்த்து ஒரு விதையைத் தலையாக வைத்தால் சம்மனசு ஆகிறது. விதையின் மேலுள்ள பழுப்புப் புள்ளிகளை எந்த ஓவியனும் தீட்ட வேண்டியதில்லை. (இரப்பர் விதையைப் பச்சையாகக் கடிக்கக் கூடாது. அதில் நச்சுப் பொருள் உண்டு. சிறியோர் கவனிக்க.)

இந்த விதைகளின் மூதாதையர் நம்மவரல்லர். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை சிலவே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்ததற்கும் அந்தக் கன்றுகளுக்கும் உள்ள தொடர்பை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த மரத்தின் விதை இன்று ஒரு தமிழ்ப் பாட்டியார் வீட்டில் சம்மனசின் தலையாக இருக்கிறது. நம் தோட்டத்தில் இப்பொழுது பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. ஓடையோரத்தில் சில நிரைகளே இரப்பர் மிஞ்சியுள்ளன. ஆகவே பாட்டியார் அந்த ஓடுகளைப் பழைய நகைபோல் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறார்.

இரப்பர் இலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. இலைகளை ஒரு வாளி நீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிடுகிறார். நீரிலுள்ள நுண்ணுயிரிகள் இலையின் மென்மையான பகுதியைத் தின்றுவிடும். நரம்புகள் உறுதியான பொருளால் ஆனவை, எளிதில் அழுகா. பின்னர்ப் பழைய பல்துலக்கியால் நீருக்குள் வைத்தே மெல்லத் தேய்த்தால், சல்லடைத் துணிபோல் நரம்பு வலை மட்டும் எஞ்சும். நாற்றம் சற்று இருக்கும். வாளியை வீட்டுக்குப் பின்புறம் வைப்பது நலம். உலர்ந்த வலையை விளக்குக்கு முன் தொங்கவிட்டால் சுவரில் நிழல் விழுகிறது. அறிவியல் பாடத்தில் இலை நரம்பு அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவோம். இனி இதைச் செய்தே காட்டலாம் என்றிருக்கிறேன்.

மரத்தில் வேறு சிலவும் தொங்குகின்றன. குருத்தோலையில் பின்னிய கெத்துப்பாட் கூடுகள், தோட்டத்துக்கு அடுத்த கம்பத்து மலாய் அம்மையார் ஒருவர் நோன்புப் பெருநாளின்போது கற்றுக்கொடுத்த பின்னல். சிவப்பு அங்பாவ் உறைகளை மடித்துச் செய்த குட்டிக் கூண்டு விளக்குகள், மளிகைக்கடைச் சீனர் சீனப் புத்தாண்டு கழிந்ததும் மிச்ச உறைகளைக் கொடுத்ததால் வந்தவை. இவற்றைக் கண்டதும், 'கிறிஸ்துமஸ் மரத்தில் கெத்துப்பாட் தொங்கலாமா?' என்று ஒருவர் கேட்டதாகப் பாட்டியார் சொன்னார். "என் மரம், நான் தொங்கவிடுறேன்" என்றாராம்.

அடுத்தது குடில். மாட்டுத் தொழுவத்தில் இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைப்பதைக் குடில் என்கிறோம். இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் சிற்றூரில் 1223ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் அசிசியார் இக்காட்சியை மக்கள் முன் அமைத்துக் காட்டினார். பொம்மைகள் அல்ல, வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையும். 2023இல் அதற்கு 800 ஆண்டுகள் நிறைவுற்றன. பின்னாளில் மரத்திலும் களிமண்ணிலும் உருவங்கள் செய்யப்பட்டன.

பாட்டியார் குடிலில் உள்ளவர்களைப் பாருங்கள். குழந்தை இயேசு படுத்திருப்பது வைக்கோல் தொட்டியில் அல்ல. பால் பிடிக்கும் மங்கில். சூசையப்பர் நெற்றியில் விளக்குக் கட்டியிருக்கிறார். ஏனெனில் பாட்டியாரின் கணவர் விடியுமுன் விளக்குக் கட்டிக்கொண்டுதான் மரம் வெட்டப் போவார். மூவரசர்களுள் ஒருவர் மளிகைக்கடைக்காரர். கையில் கணக்குப் புத்தகம். இன்னொருவர் கங்காணி. ஆயாக்கொட்டகை ஆயா ஒருத்தி இரண்டு பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். ஆடுகளோ ஒட்டுப்பாலை உருட்டிச் செய்தவை! ஒட்டுப்பால் நாளடைவில் கறுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே பெத்லெகேம் இடையர்கள் இங்கே கறுப்பு ஆடுகளை மேய்க்கின்றனர். அருகே சென்றால் பால் கொட்டகை வாசனையும் வீசுகிறது. மந்தைக்குள் இரண்டு கிராம்பைப் போட்டு வைத்திருக்கிறார். பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படியெல்லாம் செய்வது முறையா என்று ஐயுறுவோர் உலக வழக்கைக் காண்க. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் குடில்களில் மீன் விற்பவர், ரொட்டி சுடுபவர், பழக்கடைக்காரர் என அந்நகரத்துத் தெருவே இடம்பெறுகிறது. பிரான்சின் புரொவான்ஸ் வட்டாரத்தில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கோயில்கள் மூடப்பட்டபொழுது, மக்கள் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சிறு களிமண் பொம்மைகள் பெருகின. சாணை பிடிப்பவரும் துணி துவைப்பவரும்கூட அவற்றுள் உண்டு. போலந்தின் கிராக்காவ் நகரில் கொத்தனார்களும் தச்சர்களும் குளிர்காலத்தில் கட்டட வேலை இல்லாத நாள்களில், தங்கள் நகரத்துக் கோபுரங்களையே மாதிரியாகக் கொண்டு, பளபளக்கும் வண்ணத் தகட்டுத்தாள் ஒட்டிக் குடில்கள் செய்தனர். அக்கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஏன் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? நவராத்திரிக் கொலுப் படியில் செட்டியார் பொம்மை கடை விரித்து அமர்ந்திருக்கிறாரே! அவரைப் பார்த்து யாரும் நகைப்பதில்லை.

குடிலில் பனிக்குப் பஞ்சு வைக்கவில்லையா என்று கேட்டேன். "இங்க எங்கய்யா பனி? மழைதான்" என்றார் பாட்டியார். அப்பொழுதுதான் கவனித்தேன்: குடில் தரையில் இல்லை. நான்கு பால் டின்களின் மேல், மலாய்க்காரர் வீட்டைப்போல் உயர்ந்து நின்றது. காரணத்தைக் கேட்டேன். அந்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் ஜொகூரில் பெய்த பெருமழையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோத்தா திங்கி நகரம் நீரில் மூழ்கியது. செகாமட், மூவார், பத்து பகாட் வட்டாரங்களும் தத்தளித்தன. வற்றியது என்று மக்கள் வீடு திரும்பிய சில நாள்களில், 2007 ஜனவரியில், மீண்டும் வெள்ளம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குச் செல்ல நேர்ந்தது. இக்குடும்பமும் அவர்களுள் ஒன்று. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் இவர்களுக்கு ஒரு பள்ளி மண்டபத்தில், பாயும் போர்வையுமாக விடிந்தது.

அதற்கு முன் இவர்கள் வீட்டில் ஆண்டுதோறும் மூங்கில் விண்மீன் தொங்கும். தாத்தா கட்டுவது. அது போயிற்று, மரக் குடில் போயிற்று, காகித மாலைகள் சேறாயின. மையத்தில் பிள்ளைகள், "இந்த வருஷம் ஸ்டார் இல்லையா?" என்று அழுதிருக்கின்றனர். அங்கே கிடைத்தது என்ன? உதவிப் பொருளாக வந்த மீ பொட்டலங்கள், குடிநீர்ப் போத்தல்கள், உறிஞ்சு குழல்கள். தாத்தா உறிஞ்சு குழல்களைக் கோத்துச் சட்டமாக்கினார். பாட்டியார் காலிப் பொட்டலங்களைக் கழுவித் துடைத்து ஒட்டினார். உட்புறம் வெள்ளியாகப் பளபளப்பதால் அதையே வெளியே வைத்தனர். பொட்டலம் போதாத ஓரிடத்தில் மட்டும் கோழிப் படம் வெளியே வந்துவிட்டது. அன்றிரவு அதன் கீழே மூன்று மதத்துப் பிள்ளைகளும் உறங்கினார்களாம். மாணவர்களே, நான் பார்த்துச் சிரித்த விண்மீன் அதுதான்.

குடையின் வரலாறும் அந்த வெள்ளத்தோடு சேர்ந்ததே. நீர் வடிந்து வீடு திரும்பியபோது தாத்தாவின் குடை வேலிக் கம்பியில் மாட்டிக் கிடந்தது. துணி கிழிந்து போயிருந்தது. சட்டம் மட்டும் கோணாமல் இருந்தது. அடுத்த டிசம்பரில் அதை மரமாக்கியவர் அவரே. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பேத்தி அவரைப் பார்த்ததே இல்லை. பச்சைக் கயிறு நைந்துபோகும்போது பாட்டியாரும் பேத்தியும் புதிதாகச் சுற்றுகின்றனர். கம்பி மட்டும் பழையது.

ஆடுகளுக்கு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? பிழைத்துக்கொண்டன. இரப்பரின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவு; ஆகவே மிதக்கும். களிமண் இடையர்கள் கரைந்தார்கள். ஒட்டுப்பால் ஆடுகள் மூன்று சமையற்கட்டு மூலையில் சேற்றோடு ஒதுங்கிக் கிடந்தன. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒரு துண்டு ஒட்டுப்பாலைத் தண்ணீரில் இட்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நான் அடுத்த திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் முன்னிலையில் அச்சிறுமியிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லீங்க, ஐயா" என்றாள். எனக்கு என்னவோ, பெட்டியை மூடிய அந்தச் சிறு கைகள்தாம் கண்முன் நின்றன. கண்காட்சியும் முடிந்துவிட்டது. எனவே பள்ளிக்கென்று ஒரு பெரிய விண்மீன் செய்வது என்றும், அதற்கு அவளே தலைவி என்றும் முடிவு செய்தோம்.

விண்மீன் செய்யும் முறை

வேண்டியவை: 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மூங்கில் சிம்புகள் 10, பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு குச்சிகள் 5, நூல், பட்டக் காகிதம், மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை. மூங்கிலைப் பெரியவர்கள் பிளந்து, விளிம்பைச் சீவிக் கொடுக்க வேண்டும். சிம்பின் முனை கையைக் கிழிக்கும்.

ஒவ்வொரு சிம்பிலும் 23ஆம் சென்டிமீட்டரிலும் 37ஆம் சென்டிமீட்டரிலும் பென்சிலால் குறியிடுக. ஐந்து சிம்புகளை, எழுதுகோலை எடுக்காமல் நாம் விண்மீன் வரைவோமே, அதே வடிவில் தரையில் பரப்புக. குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் வடிவம் சரி. பொருந்தாவிட்டால் முனைகள் சமமில்லை என்று பொருள். ஒவ்வொரு சிம்பும் இடையில் இரண்டு சிம்புகளைச் சந்திக்கும். ஒன்றின் மேலாகவும் மற்றொன்றின் கீழாகவும் செல்லுமாறு பின்னுக. கெத்துப்பாட் பின்னலிலும் பாய் பின்னலிலும் உள்ள முறைதான் இது. இப்படிப் பின்னினால் சட்டம் புடைக்காது. ஐந்து முனைகளையும் ஐந்து குறுக்குகளையும் நூலால் கட்டுக. இதேபோல் இன்னொன்று செய்க. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டி, ஐந்து குறுக்குகளிலும் சிறு குச்சிகளை நிறுத்தினால் விண்மீன் வயிறு உப்பி எழும்.

இங்கே சற்று நில்லுங்கள், கணக்கும் செய்வோம். ஒரு முனையின் கோணம் 36 பாகை. ஐந்து முனைகள் சேர்ந்து 180 பாகை. அதாவது ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகையே. காகிதம் எத்தனை துண்டு வேண்டும்? ஒவ்வொரு கைக்கும் முன்னும் பின்னும் இரண்டு, பக்கங்களில் ஒடுக்கமாக இரண்டு. ஐந்து கைகளுக்கு 20. நடுவில் ஐங்கோணம் முன்னும் பின்னும் 2. ஆக 22. விளக்கு வைக்க ஒரு பக்கத்துண்டை மட்டும் ஒட்டாமல் விடுக. எங்கள் சிறுவயதில் உள்ளே மெழுகுவர்த்தி வைத்து எரித்து, விண்மீனே தீப்பிடித்ததைக் கண்டிருக்கிறேன். இப்பொழுது மின்கலத்தில் எரியும் சிறு எல்இடி விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதையன்றி வேறெதுவும் வைக்க வேண்டாம்.

விண்மீன் கட்டுவதும் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றாகச் செய்த முதல் ஆசிரியன் நானல்லன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊர், மொராவியா நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோரால் 1722இல் நிறுவப்பட்டது. அவர்களுடைய சபையைச் சேர்ந்த நீஸ்கி ஊர் விடுதிப் பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் பாடத்துக்காகவே காகித விண்மீன்கள் செய்யப்பட்டன. 18 சதுரமும் 8 முக்கோணமும் கொண்ட 26 முக வடிவத்தில், ஒரு முகத்தைத் தொங்கவிட ஒதுக்கி, மற்ற 25 முகங்களிலும் ஒவ்வொரு கூம்பு ஒட்டுவது அதன் அமைப்பு. வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கிய பிள்ளைகள் திருவருகைக் காலத்தில் அதைச் செய்து தொங்கவிட்டனராம். இன்று அது ஹெர்ன்ஹூட் விண்மீன் என உலகெங்கும் விற்கப்படுகிறது. இச்சபையார் சிலர் 1760 முதல் நம் தமிழகத்துத் தரங்கம்பாடியிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தனர் என்பது உபரிச் செய்தி.

நமக்கு அருகிலுள்ள பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே ஐம்முனை மூங்கில் விண்மீன் உண்டு. பாரோல் என்பர். விளக்குக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள்கள் விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்வோர் அதை ஏந்திச் செல்வது பழைய வழக்கம். மலாக்கா ஊஜோங் பாசீரிலுள்ள போர்த்துகீசியக் குடியிருப்புக்கு டிசம்பரில் சென்றால், மீனவர் வீடுகள் வரிசையாக விளக்கும் குடிலுமாக ஒளிர்வதைக் காணலாம். இயன்ற பெற்றோர் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்க.

நம் பள்ளி விண்மீன் நான்கு நாள்களில் உருவாயிற்று. பட்டக் காகிதம் வாங்கி வந்தவர் பள்ளிக் காவலர். மூங்கில் பிளந்தவர்கள் இரண்டு தந்தைமார். முடிச்சுப் போடும் வகை தெரிந்தவள் அச்சிறுமி ஒருத்தியே. முனைகளைக் கட்டும்போது நூலை எட்டு வடிவில் சுற்றி இறுக்க வேண்டும் என்பது அவள் பாட்டியிடம் கற்றது. ஆறாம் ஆண்டுப் பையன்கள் அவளிடம் மூன்றுமுறை கேட்டுக் கற்றுக்கொண்டனர். நான் துண்டுகளின் கணக்கைச் சரியாகச் சொன்னேனேயன்றிக் காகிதத்தின் கணக்கைச் சரியாகப் போடவில்லை. இருபத்தொரு துண்டுகளில் கடைசித் துண்டுக்குத் தாள் போதவில்லை. கடைக்கு ஆளனுப்பலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் தன் பையிலிருந்து கழுவி மடித்த மெகி மீ பொட்டலம் ஒன்றை எடுத்து அளவாக வெட்டினாள்.

"எந்தப் பக்கம் வெளியே வரணும்மா? வெள்ளிப் பக்கமா?" என்று கேட்டேன்.

"கோழி வெளியே இருக்கட்டும், ஐயா" என்றாள். இம்முறை கோழி நேராகவே நிற்கிறது. விண்மீன் பள்ளி நூலகத்தின் வாயிலில் தொங்குகிறது. மாலை வேளைகளில் அந்தப் பக்கம் வருவோர் பார்க்கலாம்.